நாணமும் நோயும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் யான் பேச நேரும்பொழுதெல்லாம் இலக்கியப் பொருள் ஒன்றனையே செயலாளர் அவர்கள் எனக்குக் குறித்தளிப்பது வழக்கம். சென்ற ஆண்டு விருந்தோம்பலைப் பற்றிப் பேசினேன். இவ்வாண்டு அவரிடம் யானே வேறொரு பொருளைக் கேட்டுப் பெற்றேன். அது குடலைப் பற்றியது. அதிலும் மலக்குடலைப் பற்றியது. இச்சொல்லைக் கேட்ட அளவில் பின்வரிசையில் சிலர் நகைப்பதையும், முன்வரிசையில் சிலர் முகம் சுளிப்பதையும் காண்கிறேன். அவர்கள்மீது எனக்குச் சினம் இல்லை. அந்நகைப்பும் அச்சுளிப்புமே இன்று யான் இங்கு எழுந்து நிற்பதற்குக் காரணம் ஆகும்.

யான் மருத்துவன் அல்லேன். தமிழ் கற்று, தமிழ் கற்பித்துப் பிழைப்பவன். ஆயினும் என் தமையனார்க்கு மலக்குடலிற் புற்றுநோய் கண்டு, அவரோடு மருத்துவமனையில் இருந்து, மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்தவை சில உண்டு. அவற்றை உங்கள்முன் வைக்க அவரே இசைவு தந்தார். அவர் இப்பொழுது இம்மண்டபத்தின் சமையற்கட்டில் இருக்கிறார். அவரை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். இருபது ஆண்டுகளாக நம் விழாப் பந்திகளிற் பாயச வாளியை வேறொருவர் கையிற் கொடாதவர் அவர்.

முதற்கண் நோயின் இயல்பைச் சுருங்கச் சொல்வேன். நம் பெருங்குடல் ஏறத்தாழ ஐந்தடி நீளம் உடையது. அதன் கடைப்பகுதியே மலக்குடல். குடலின் உட்சுவரில் ‘பாலிப்’ எனப்படும் சிறு தசைமுளைகள் சிலர்க்குத் தோன்றுகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை தீங்கு செய்வதில்லை. சில மட்டும் மெல்ல மெல்லத் திரிந்து புற்றாகின்றன. அங்ஙனம் திரிவதற்குப் பொதுவாகப் பத்தாண்டளவு செல்லும் என்பர். ஆகவே இந்நோய் நமக்கு நெடுங்கால அவகாசம் தருகின்றது. அவ்வவகாசத்தை வீணாக்குபவர் நாமே. உலக முழுவதிலும் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 19 இலட்சத்திற்கு மேற்பட்டோர்க்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. 9 இலட்சத்திற்கு மேற்பட்டோர் இதனால் உயிர் நீத்தனர். மேனாடுகளை நோக்க நம் நாட்டில் இந்நோய் குறைவே. ஆயினும் நம்மவர் மருத்துவரை நாடுங்காலம் மிகப் பிந்தியதாக இருக்கிறது. குடற்சுவரைத் தாண்டுமுன் கண்டறியப்பட்டோருட் பத்தில் ஏறத்தாழ ஒன்பதின்மர் ஐந்தாண்டு கடந்து வாழ்கின்றனர் என்றும், நுரையீரல், கல்லீரல் போன்ற தொலை உறுப்புகளிற் பரவிய பின் கண்டறியப்பட்டோருள் அங்ஙனம் வாழ்பவர் பத்தில் இருவர்க்கும் குறைவு என்றும் அமெரிக்க நாட்டுக் கணக்குக் காட்டுகின்றது. நோய் ஒன்றே, காலமே இருவேறு முடிவுகளைத் தருகின்றது.

அக்காலத்தை நாம் எங்ஙனம் இழக்கிறோம்? மறைப்பதனால் இழக்கிறோம். எங்கள் வீட்டில் மூன்று மறைப்புகள் நிகழ்ந்தன. அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்வேன்.

முதல் மறைப்பு, நோயுற்றவர் தம் வீட்டாரிடம் மறைத்தது. என் தமையனார்க்கு மலத்தோடு இரத்தம் கண்டது 2021-ஆம் ஆண்டு மார்கழியில். அதனை அவர் மூலம் என்று தாமே முடிவு செய்துகொண்டார். கடைவீதியில் விற்கும் களிம்பு ஒன்றை வாங்கிப் பூசினார், காரத்தை நிறுத்தினார். இரத்தம் சின்னாள் நின்றது, மீண்டும் வந்தது. ஒரு நாளைக்கு நான்கைந்து முறை செல்லவேண்டியிருந்தது. சென்றும் முழுதும் கழிந்த உணர்வு இல்லை. உடல் மெலிந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு இரைத்தது. இவ்வளவும் ஏழு மாதம் நிகழ்ந்தன. அண்ணியார் அறியார், யான் அறியேன். ஒரு நாள் கடையில் அரிசி மூட்டையை நகர்த்தும்பொழுது மயங்கி விழுந்த பிறகே இரத்தச் சோகை என்பது தெரிந்தது. “ஏன் அண்ணா சொல்லவில்லை?” என்று கேட்டேன். “இதை எப்படித் தம்பி வாயால் சொல்வது?” என்றார்.

அன்பர்களே! நாணம் என்பது நம் முன்னோர் போற்றிய பண்பு. திருவள்ளுவர் நாணுடைமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். ஆயினும் அவர் கூறிய நாணம் தகாத செயல் செய்ய அஞ்சும் நாணம். உடம்பின் இயற்கைக்கு நாணுமாறு அவர் யாண்டும் கூறினாரல்லர். பொய்க்கணக்கு எழுத நாணுவோம்; பிறர் பொருளைக் கவர நாணுவோம்; குடல் தன் தொழிலைச் செய்வதற்கு நாணுவானேன்? நாணவேண்டியவிடத்து நாணாமையும், நாணத்தகாதவிடத்து நாணுதலும் ஆகிய இரண்டும் குற்றமே.

மூலம் உடையார் எல்லார்க்கும் புற்று உண்டு என்று யான் சொல்லவில்லை. இரத்தம் வருவோருட் பெரும்பாலோர்க்கு மூலம் முதலிய எளிய காரணங்களே இருக்கும். ஆனால் எது மூலம், எது கட்டி என்பதைக் களிம்பு விற்பவர் சொல்லமுடியாது, நாமும் சொல்லமுடியாது. மருத்துவர் விரலால் தொட்டுப் பார்த்தே மலக்குடற் கட்டிகள் பலவற்றை அறிகிறார். ஐயம் இருப்பின் ‘கொலனாஸ்கோப்பி’ என்னும் சோதனை செய்கிறார். மெல்லிய குழாய் ஒன்றின் நுனியில் விளக்கும் காமிராவும் இருக்கும். அதனைக் குடலினுட் செலுத்திப் பார்ப்பர். முன்னாள் மருந்து உண்டு குடலைக் கழுவிக்கொள்வதே அதில் உள்ள பெருந்துன்பம். சோதனையின்போது மயக்கம் அளிப்பதால் பெரும்பாலும் நோவு தெரிவதில்லை. அங்கேயே சிறு துணுக்கு எடுத்து ஆய்வுக்கு அனுப்புவர். “துணுக்கு எடுத்தால் நோய் பரவும், கத்தி பட்டால் விரியும்” என்று நம்மூரில் ஒரு பேச்சு உண்டு. அது வெறும் அச்சம். துணுக்கு எடாமல் நோயின் பெயரை உறுதி செய்ய இயலாது. பெயர் உறுதியாகாமல் மருந்தும் இல்லை. கத்தி பட்டதனால் நோய் விரிவதில்லை. காலம் கடந்து கத்தியிடம் போவதனாலேயே அங்ஙனம் தோன்றுகின்றது.

இரண்டாம் மறைப்பு, வீட்டார் நோயுற்றவரிடம் மறைத்தது. இதனைச் செய்தவன் யானே. ஆய்வின் முடிவு என் கைக்கு வந்தது. மருத்துவர் அறையிலிருந்து வெளியே வந்து, தாழ்வாரத்திற் காத்திருந்த தமையனாரிடம், “குடற்புண் அண்ணா, சிறிது முற்றிவிட்டது, சென்னைக்குப் போகவேண்டும்” என்றேன். அண்ணியாரையும் பிள்ளைகளையும் அவ்வாறே சொல்லப் பழக்கினேன். அவர் மனம் உடைந்துவிடும் என்று எண்ணினேன். உண்மையில் உடைந்திருந்தது என் மனம். அதனை அவர் பார்த்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

சென்னையிற் கதிர்வீச்சு மருத்துவம் தொடங்கிய மூன்றாம் நாள், அவர் என்னை அருகே அமர்த்தினார். “தம்பி, எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். இக்கட்டடத்தின் வாயிலில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வந்த அன்றே படித்துவிட்டேன். கடையில் நட்டம் வந்தால் கணக்கை எனக்குக் காட்டாமல் மறைப்பாயா? மறைத்தால் கடை பிழைக்குமா?” என்றார். யான் தலை கவிழ்ந்தேன். மூன்று நாளும் அவர் தமக்குத் தெரியும் என்பதை எனக்குத் தெரியாமல் மறைத்திருக்கிறார். ஒரே அறையில், ஒரே விளக்கின்கீழ், இருவரும் ஒருவர்க்கொருவர் நடித்திருக்கிறோம்.

அன்று முதல் எதனையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்தோம். அதன் பயன் உடனே தெரிந்தது. மருத்துவரிடம் கேட்கவேண்டியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவரே எழுதிக்கொண்டார். கட்டி எந்த நிலையில் உள்ளது? எத்தனை வாரம் மருத்துவம்? எதற்காக முதலிற் கதிர்வீச்சு, பிறகு அறுவை? கடைக்கு எப்பொழுது திரும்பலாம்? செலவு எவ்வளவு? சிறுநீர் கழிப்பதிலும் இல்லற வாழ்விலும் மாற்றம் நேருமா? கடைசி வினாவை எழுத அவர்க்கு நாணம். கேட்க எனக்கு நாணம். ஆயினும் கேட்டோம். மருத்துவர் முகத்தில் வியப்பே இல்லை. அப்பகுதி நரம்புகளின் அருகில் அறுக்கவேண்டியிருப்பதால் அங்ஙனம் நேர்வது உண்டென்றும், நேர்ந்தால் மருத்துவம் உண்டென்றும் விளக்கினார். நோயுற்றவர் அறியாதிருந்தால் இவ்வினாக்களை யார் கேட்பார்? திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என்று எண்ணினார். அந்நான்கனுள் முதலாக வைக்கப்பட்டவனையே நாம் வெளியே நிறுத்திக் கதவடைக்கிறோம்.

மருத்துவம் நிகழ்ந்த முறையையும் சொல்வேன். உங்களுள் ஒருவர்க்கேனும் அஃது உதவக்கூடும். ஐந்து வாரம், வாரத்திற்கு ஐந்து நாள், கதிர்வீச்சு, அதனோடு மாத்திரைகள். கதிர்வீச்சு நோவதில்லை. சில நிமிடங்களில் முடியும். ஆனால் மூன்றாம் வாரத்திலிருந்து அயர்ச்சியும், அவ்விடத்தில் எரிச்சலும், வயிற்றுப்போக்கும் வந்தன. பின்பு சில வாரம் ஓய்வு. கார்த்திகையில் அறுவை. தையில் தொடங்கிச் சித்திரை வரை ‘கீமோதெரபி’ என்னும் மருந்தேற்றல். தலைமயிர் முழுதும் உதிரும் என்று அண்ணியார் அஞ்சினார். இந்நோய்க்குத் தரும் மருந்துகளுட் பல அங்ஙனம் முழுதும் உதிர்ப்பதில்லை. அவர்க்குச் சற்றே மெலிந்தது. நாங்கள் எதிர்பாராதது வேறு. அவர்க்கு ஏற்றிய மருந்துகளுள் ஒன்றான ஆக்ஸாலிபிளாட்டின் குளிர்ச்சியைப் பகையாக்கிவிடும். காலையிற் குழாய்நீரிற் கை வைத்தால் ஊசி குத்துவது போல் இருக்கும். குளிர்ந்த நீர் குடித்தால் தொண்டை இறுகும். வெந்நீரும் காலுறையும் கொண்டு அக்காலத்தைக் கடந்தோம். விரல் நுனியின் மரப்பு இன்னும் சிறிது இருக்கிறது. சில்லறை எண்ணும்போது நாணயம் நழுவுகிறது என்பார்.

காய்ச்சல் வந்தால் “நாளை பார்ப்போம்” என்று இருத்தலாகாது. மருந்தேற்றற் காலத்தில் இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்திருக்குமாதலின், சிறு காய்ச்சலும் பேராபத்தாகலாம். இரவாயினும் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். இக்காலத்தில் “ஒரு மண்டலத்தில் வேரறுப்போம்” என்று சொல்லி வந்தவர் பலர். அவர்கட்கு எங்கள் துயரம் தெரிந்ததேயன்றி எங்கள் நோய் தெரியாது. வேறு எம்மருந்து உண்பதாயினும் மருத்துவரிடம் சொல்லி உண்க; நடந்துவரும் மருத்துவத்தை இடையில் நிறுத்தற்க.

இனி மூன்றாம் மறைப்புக்கு வருகிறேன். அது வீட்டார் ஊராரிடம் மறைத்தது. என் தமையனாரின் கட்டி ஆசனவாய்க்கு மிக அருகில் இருந்தது. ஆதலால் மலக்குடலையும் ஆசனவாயையும் எடுத்துவிட்டு, குடலின் முனையை வயிற்றின் இடப்புறத்திற் கொணர்ந்து வைத்தார்கள். அதனை ‘ஸ்டோமா’ என்பர். அது கிரேக்கச் சொல். வாய் என்பதே அதன் பொருள். அவ்வாயின்மேல் ஒரு பை ஒட்டப்படும். மலம் அப்பையிற் சேரும். இவ்வகை அறுவையை 1908-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் எர்னஸ்டு மைல்ஸ் என்பவர் விளக்கி எழுதினார். அக்காலத்தில் மலக்குடற் புற்று உற்றார் பலர்க்கு வாழ்நாள் முழுதும் பையே கதி. இன்று அறுவை முறைகள் நுணுகிவிட்டன. பலர்க்கு ஆசனவாயைக் காத்துவிடுகின்றனர். சிலர்க்குக் குடலின் தையல் ஆறும்வரை சில மாதம் மட்டும் பை வைத்து, பிறகு மூடிவிடுகின்றனர். என் தமையனார்க்கு அது நிலையானது.

அறுவைக்குப் பின் சில வாரம் நேராக உட்கார இயலாமல் மெத்தைமேல் சாய்ந்தே இருந்தார். இல்லாத மலக்குடலில் மலம் வருவது போன்ற உணர்வு அடிக்கடி தோன்றியது. பித்துப் பிடித்துவிட்டதோ என்று அவர் அஞ்சியபொழுது, பழைய வழக்கத்தை நரம்புகள் மறப்பதற்கு நாள் ஆகும், இஃது இயல்பே என்று செவிலியர் தேற்றினார். பையைப் பற்றிய ஐயங்களையும் அவரே தீர்த்தார். அவற்றை உங்கட்கும் சொல்வேன். குடல்வாய் செந்நிறமாகவும் ஈரமாகவும் இருக்கும். அதைத் தொட்டால் நோவதில்லை. பை மூன்றிலொரு பங்கு நிறைந்ததும் கழித்துவிடவேண்டும்; சில நாட்கு ஒருமுறை புதுப் பை மாற்றவேண்டும். ஒட்டும் தட்டின் துளை குடல்வாயின் அளவுக்குப் பொருந்த வெட்டப்பட்டிருந்தால் தோல் புண்ணாவதில்லை. பை நன்கு பொருந்தியிருந்தால் நாற்றம் வெளிவருவதில்லை. குளிக்கலாம்; வண்டியிற் செல்லலாம்; வேலைக்குப் போகலாம். பளு தூக்குவது மட்டும் ஆகாது. தூக்கினால் குடல்வாயின் அருகே குடல் பிதுங்கலாம். ஆதலின் அவர் மூட்டை தூக்குவதை விட்டார், கல்லாவில் அமர்ந்தார்.

உணவைப் பற்றி எல்லாரும் கேட்கின்றனர். தொடக்கத்தில் குழைந்த சோறு, இட்டிலி, மோர் போன்ற எளிய உணவு; பிறகு ஒவ்வொன்றாகப் பழைய உணவைச் சேர்க்கலாம். மொச்சை, வெங்காயம், கிழங்கு ஆகியவை வாயுவை மிகுக்கும். வெளியே செல்லும் நாளில் அவற்றைத் தவிர்ப்பார். சிறுகுடலின் முனையை வெளியே வைத்திருப்பவர்கள் மேலும் கருத்தாக இருக்கவேண்டும். அவர்கட்கு நீரும் உப்பும் மிகுதியாக வெளியேறும். உப்பிட்ட கஞ்சியும் மருத்துவர் சொல்லும் உப்பு–சர்க்கரை நீரும் வேண்டும். வாழைத்தண்டு, முருங்கைச் சக்கை போன்ற நார்ப்பொருள்கள் அவர்கட்கு அடைப்பை உண்டாக்கலாம்.

இவ்வளவும் கற்றுக்கொண்டோம். கற்றும் ஊரார் முன் வர அவர் இசையவில்லை. 2023-ஆம் ஆண்டு விழாவிற்கு வரவில்லை. சென்ற ஆண்டும் வரவில்லை. “அண்ணன் எங்கே?” என்று நீங்கள் கேட்டபொழுது, “கடையில் ஆள் இல்லை” என்றேன். பொய் சொன்னேன்; பொறுத்தருள்க. சென்ற ஆண்டு விருந்தோம்பலைப் பற்றி யான் முழங்கிக்கொண்டிருந்த அந்நேரத்தில், விருந்தோம்புதலையே தொழிலாகக் கொண்டவர் வீட்டின் பின்கட்டில் தனித்திருந்தார்.

அவர் வராமைக்குக் காரணம் இரண்டு. ஒன்று, நம்மவர் ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் என் காதிற் கேட்ட கேள்வி. “பை வைத்திருப்பவர் கோயிலுக்குப் போகலாமா? பந்தியிற் பரிமாறலாமா? தீட்டு இல்லையா?” என்றார். அன்று விடை சொல்லத் தெரியாமல் நின்றேன், இன்று சொல்கிறேன். நாம் அனைவரும் அப்பொருளை வயிற்றினுள்ளே சுமந்துகொண்டுதான் கோயிலுக்குச் செல்கிறோம், சுமந்துகொண்டுதான் பரிமாறுகிறோம். என் தமையனார் அதனை ஒரு விரற்கடை வெளியே சுமக்கிறார். உள்ளிருந்தால் தூய்மை, ஒரு தோல் கடந்தால் தீட்டு என்பது எந்த நூலின் நீதி? அவர் பையை மாற்றிக் கை கழுவும் கருத்தில் நம்முட் பாதிப்பேர் கை கழுவுவாரானால் நம் பந்திகள் இன்னும் தூயன ஆகும். இந்நோய் தொற்றுவதும் அன்று; ஒரே இலையில் உண்டாலும் ஒட்டாது.

மற்றொரு காரணம் பெண்ணின் திருமணம். அவர் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். தகப்பனார்க்குப் புற்று என்று தெரிந்தால் சம்பந்தம் கைகூடாது என்று உறவினர் அறிவுரை கூறினர். மறைத்தே ஒரு வீட்டாரோடு பேசினோம். அவர்கள் எவ்வாறோ அறிந்து, “மறைத்தீர்களே” என்று சொல்லிப் போய்விட்டார்கள். நோயைச் சொல்லிப் போகவில்லை. மறைத்ததைச் சொல்லியே போனார்கள். அடுத்து வந்த வீட்டாரிடம் தமையனாரே முதல் நாளிலேயே சொல்லிவிட்டார். அவர்கள் ஒரு வாரம் எண்ணிப் பார்த்து, மருத்துவர் ஒருவரையும் கேட்டு, பின் இசைந்தார்கள். இவ்வாண்டுத் தை மாதம் இதே மண்டபத்தில் திருமணம் நிகழ்ந்தது. எல்லா வீட்டாரும் அவ்வாறே இசைவர் என்று உறுதி சொல்ல என்னால் இயலாது. இசையாதவர் முன்னரே விலகுவது நம் பெண்ணுக்கு நன்மை என்பதை மட்டும் சொல்வேன்.

பரம்பரையைப் பற்றி மெய் யாது? இந்நோயிற் பெரும்பகுதி பரம்பரையால் வருவதன்று. சிறு பகுதி மட்டும் குடும்ப வழியாக வருகிறது. ஆயினும் நோயுற்றவரின் உடன்பிறந்தார்க்கும் மக்கட்கும் பிறரினும் சற்று மிகுதியான வாய்ப்பு உண்டு. அதனால் அவர்கள் 40 வயதிலோ, அன்றி நோயுற்றவர்க்கு அது கண்ட வயதிற்குப் பத்தாண்டு முன்னரோ, எது முந்தியதோ அப்பொழுதே, குடற் சோதனை செய்துகொள்ளுமாறு மருத்துவர் கூறுகின்றனர். குடும்பத்தில் நோய் இல்லாதவர்க்கும் சோதனை தொடங்கும் வயதை அமெரிக்க நாட்டு மருத்துவ அறிஞர் குழு 2021-ஆம் ஆண்டில் 50-லிருந்து 45-ஆகக் குறைத்தது.

அண்ணனுக்கு நோய் வந்தபொழுது எனக்கு வயது 43. எனக்கு ஒரு துன்பமும் இல்லை. ஆயினும் அவர் வற்புறுத்தலால் யானும் அச்சோதனைக்குப் படுத்தேன். என் குடலில் இரண்டு முளைகள் இருந்தன. அங்கேயே வெட்டி எடுத்துவிட்டார்கள். அவற்றுள் ஒன்று, விட்டிருந்தால் காலப்போக்கிற் புற்றாகக்கூடிய இனத்தது என்று ஆய்வு கூறியது. அன்று மாலையே வீட்டிற்கு வந்து உண்டேன். அன்பர்களே! என் தமையனார் தம் நோயின் பெயரை என்னிடமிருந்து கேட்டுப் பெறாமல், யானும் “குடற்புண்” என்றே சொல்லிக்கொண்டு இருந்திருந்தால், அம்முளை இன்றும் என் வயிற்றில் வளர்ந்துகொண்டிருக்கும். யார் மனத்தைக் காப்பதாக எண்ணி யான் பொய் சொன்னேனோ, அவர் கேட்டுப் பெற்ற உண்மை என் உயிரைக் காத்தது.

இந்நோய்க்கும் தமிழ்நாட்டின் ஒரு பெருநிலையத்திற்கும் உள்ள தொடர்பைச் சொல்லாமல் முடிப்பது தகாது. புதுக்கோட்டையிற் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையாரை மலக்குடற் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரை அவர் மறைத்து வைத்துக்கொள்ளவில்லை. நெடுங்காலம் முயன்று, 1954-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றிற் புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தார். அதே 1954-ஆம் ஆண்டில், கடல் கடந்த டென்மார்க்கு நாட்டில் எலிசே சோரென்சன் என்னும் செவிலியர், குடல்வாய் வைக்கப்பட்ட தம் சகோதரி வெளியே செல்ல அஞ்சி வீட்டினுள்ளேயே ஒடுங்குவதைக் கண்டு பொறாராய், தோலில் ஒட்டிக்கொள்ளும் பை ஒன்றனை எண்ணி வகுத்தார். இன்று உலகெங்கும் பயன்படும் பைகள் அவ்வழி வந்தவை. ஒருவரையொருவர் அறியாத இரு பெண்மணிகள், தத்தம் உடன்பிறந்தாளின் பொருட்டுச் செய்தவை இவை. அவர்கள் நாணியிருந்தால் நமக்கு அம்மருத்துவமனையும் இல்லை; அப்பையும் இல்லை.

ஆகவே நம் சங்கத்திற்கு மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கிறேன்.

முதலாவது, இம்மண்டபத்தின் கழிப்பறை. பை வைத்திருப்பவரும், அறுவைக்குப் பின் அடிக்கடி செல்லவேண்டியிருப்பவரும் விழாக்களுக்கு வராமைக்குப் பெருங்காரணம் அதுவே. தாழ்ப்பாள் சரியாக விழும் ஓர் அறை, உட்காரும் இருக்கை, கைக்கெட்டும் குழாய், பை வைக்க ஒரு பலகை, துணி மாட்ட ஒரு கொக்கி, மூடியுள்ள குப்பைக்கூடை, இவ்வளவே வேண்டும். ஒரு பந்திச் செலவும் ஆகாது.

இரண்டாவது, துணை. சென்னைக்கு மருத்துவத்திற்குச் செல்லும் ஏழைக் குடும்பத்தார்க்கு மருந்தினும் அரிது வழிகாட்டுவோர். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திற்குத் தாள்கள் சேர்ப்பது எங்ஙனம், புற்றுநோயாளர்க்கும் உடன் செல்பவர்க்கும் இரயில்வேயில் உள்ள கட்டணச் சலுகையைப் பெறுவது எங்ஙனம் என்பதை நாங்கள் அலைந்து அறிந்தோம். அவ்வழியை அடுத்தவர்க்குக் காட்ட யானும் என் தமையனாரும் அணியமாக இருக்கிறோம். இன்னும் நால்வர் சேர்ந்தால் போதும்.

மூன்றாவது, பேச்சு. நம் வீட்டில் எவரேனும் இரத்தம் கண்டேன் என்றால் நகையாமல் கேட்போம். எவர் வீட்டிலேனும் இந்நோய் என்றால் காதோடு காதாகப் பேசாமல் நேரிற் சென்று பார்ப்போம். சென்றவிடத்தும், “இவர்க்கு இப்படித்தான் வந்து மூன்று மாதத்திற் போனார்” என்னும் கதைகளைச் சொல்லாதிருப்போம். கடைக்குச் சென்று வருவதும், பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வதும், ஒரு வேளைச் சோறு கொடுத்தனுப்புவதும் அக்கதைகளினும் சிறந்த ஆறுதல்.

என் தமையனார்க்கு அறுவை நிகழ்ந்து இன்னும் ஐந்தாண்டு நிறையவில்லை. சில மாதத்திற்கு ஒருமுறை இரத்தச் சோதனைக்குச் செல்கிறோம். ஒவ்வொரு முறையும் முடிவு வரும்வரை அவர் உறங்குவதில்லை, யானும் உறங்குவதில்லை. அவ்வச்சம் போய்விட்டது என்று உங்களிடம் சொன்னால் அது நான்காவது மறைப்பாகும். ஆனால் இப்பொழுது உறங்காமல் இருவரும் சேர்ந்தே விழித்திருக்கிறோம், அதுவே வேறுபாடு.

இன்று காலை அவர், “நீ பேசி முடித்தபின் என்னைப் பரிமாறக் கூப்பிடுவார்களா?” என்று கேட்டார். “அதனை அவர்களே சொல்லவேண்டும், அண்ணா” என்றேன். யான் பேசி முடித்துவிட்டேன். இலைகள் போட்டாயின. பாயச வாளி அவர் கையில் இருக்கிறது. விடை உங்கள் கையில் இருக்கிறது.